ஒரு கள்ளனுக்கு இரண்டு கார்

என் இளைய மகள் எழுபது நாள் படுக்கையில் இருக்கவேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது, நான் முதலில் கேட்டது எழுபதா எழுபத்தொன்றா என்பதைத்தான். இருபத்துநாலாம் வாரம் முடிந்த அன்று சொன்னார். முப்பத்துநாலாம் வாரம் முடியும்வரை என்றார். சொன்ன நாளையும் சேர்ப்பதா இல்லையா என்பது எனக்குத் தெளிவாகவில்லை. அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, மகளிடம், "கழிப்பறைக்கும் குளிக்கவும் எழும்பலாம். மற்றபடி படுக்கை" என்றார். இதற்கு முந்திய பிள்ளை இருபத்திரண்டாம் வாரத்தில் போய்விட்டது. அதனால் அந்த அறையில் மகள், மருமகன், நான் மூன்று பேரும் இலக்கங்களை மெதுவாகத்தான் உச்சரித்தோம்.

உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் ஜேர்மனியில் நடந்து முடிந்த இலையுதிர் காலம் அது. ஹம் நகரத்தின் சில பல்கனிகளில் கொடிகள் இன்னும் இறங்கவில்லை. என் வீட்டிலிருந்து மகளின் வீட்டுக்குப் போகும் பஸ் பாதையில் ஏழு இருந்தன. என் மனைவி லண்டனில், மூத்த மகளின் பிரசவத்துக்குப் போய் நின்றாள். ஒரே மாதத்தில் இரண்டு மகள்மாருக்கும் தாய் தேவைப்பட்டால், ஒருத்திக்குத் தகப்பன்தான் மிஞ்சுவான். மருமகன் காலை ஏழு மணிக்கு டோட்முண்டுக்கு வேலைக்குப் புறப்படுவார். என் பஸ் ஏழு இருபதுக்கு வந்து சேரும். இடையில் அவள் தனியாக இருக்கும் அந்த இருபது நிமிடம் என்னை அரித்தது. ஐம்பத்துநாலு படி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு கதவைத் திறக்கும்போது, "படுத்துத்தான் கிடக்கிறன் அப்பா" என்ற குரல் வரும். அதற்குப் பிறகுதான் சப்பாத்தைக் கழற்றுவேன்.

நான் ஊரில் அரச அதிபர் அலுவலகமான கச்சேரியில் புள்ளிவிபரப் பகுதி இலிகிதராக இருந்தவன். இங்கே வந்து பதினெட்டு வருடம் ஒரு களஞ்சியத்தில் ஆணியும் திருகாணியும் எண்ணினேன். எண்ணுவது எனக்கு யோசிப்பதைப் போல. அதைவிட எளிது.

மகள் இடது பக்கமாகச் சரிந்து படுத்திருப்பாள். கட்டிலோடு ஒட்டிய சிறு மேசையில் மடிக்கணினி. அதற்குள் ஒரு நகரம். ஜேர்மனியின் பல ஊர்களிலிருந்து நாற்பது, ஐம்பது பேர் ஒரே நேரத்தில் அந்த நகரத்துக்குள் நுழைந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்து வாழ்ந்தார்கள். டாக்ஸி ஓட்டுகிறவன், கடை வைத்திருக்கிறவள், பொலிஸ், கள்ளன். வேடம் போட்டவர் அந்த ஆளாகவே பேசவேண்டும். அந்த ஆள் பயப்படும் இடத்தில் பயப்படவேண்டும். என் மகள் பொலிஸ் தலைமை. விதிகளை எழுதுகிறவளும் அவள்தான்.

இருபத்தேழு வயதில், இப்படி ஒரு நிலையில், கள்ளன் பொலிஸ் விளையாடுகிறாளே என்று மருமகனிடம் முறையிட்டேன். மனம் பதறினால் வயிறு இறுகும், அதை எடுத்து வையுங்கள் என்றேன். அவர் நல்ல மனிதர், எடுத்து வைத்தார். இரண்டாம் நாள் காலை கதவைத் திறந்தபோது குரல் வரவில்லை. மகள் யன்னலோரம் ஸ்டூலில் ஏறி நின்று திரைச்சீலையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"இறங்கு. மெல்ல. கையைத் தா பிள்ளை."

"இது மூண்டு மாசமாத் தோய்க்காமல் தொங்குது, அப்பா."

"தொங்கட்டும். நீ இறங்கு."

"படுத்துப் படுத்து எனக்கு விசராக் கிடக்கு. முகட்டில எத்தினை வெடிப்பு எண்டு சொல்லட்டோ?"

கூரையில் மூன்று வெடிப்பு. நானும் எண்ணியிருந்தேன். அன்று பின்னேரம் மடிக்கணினி திரும்பி வந்தது. "மாமா, அது முன்னால இருந்தால்தான் ஆள் அசையமாட்டா" என்றார் மருமகன். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. அந்த நகரம் இருக்கும்வரை மகள் கட்டிலில் இருப்பாள். மகள் கட்டிலில் இருக்கும்வரை பிள்ளை உள்ளே இருக்கும்.

அந்த நகரமோ உடைந்துகொண்டிருந்தது.

கள்ளர் பதினாலு பேர். அவர்களின் தலைவன், மூன்ஸ்டர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பேக்கரி வைத்திருந்தவன். விடியுமுன் மாவோடு தொடங்குகிற வேலை, மத்தியானம் முடிந்துவிடும். பின்னேரங்களில் வங்கி கொள்ளையடிப்பான். பொலிஸ் பதினாறு பேர். மகளுக்கு அடுத்த பொலிஸ் அதிகாரி ஆஹெனில் இயந்திரவியல் படிக்கும் மாணவன். அவனுக்கு எல்லாம் உண்மையில் உள்ளதுபோலவே இருக்கவேண்டும். பேக்கரிக்காரன் அவனைச் 'சட்டப் புத்தகம்' என்றுதான் கூப்பிடுவான். அவர்களின் சண்டை ஒலிபெருக்கியில் வரும். நான் பக்கத்தில் மரக்கறி வெட்டிக்கொண்டு கேட்பேன்.

"உண்மையான பொலிசிடம் ஹெலிகொப்டர் இருக்கிறது. ரேடியோ இருக்கிறது. ஒரு வங்கிக்குப் பத்துக் கார் வரும். நாங்கள் ஏன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும்?" என்பான் மாணவன்.

"வந்துவிட்டது சட்டப் புத்தகம்! உண்மையில் என்னைப் பிடித்தால் எட்டு வருடம் உள்ளே. இங்கேயும் எட்டு வருடம் போடுவாயா? எனக்கு ஒரு நாளில் இரண்டு மணித்தியாலம்தான் விளையாட்டு. அதில் ஒரு மணித்தியாலம் உன் சிறைச் சுவரைப் பார்க்கிறேன். சுவர் பார்க்க என் பேக்கரியிலேயே நாலு இருக்கிறது."

"பிடிபடாமல் ஓடப் பழகு."

"பத்துக் காருக்கு முன்னால் உன் பாட்டியும் ஓடமாட்டாள்."

அடுத்த மாதத்தோடு தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வேறு நகரத்துக்குப் போய்விடுவதாகப் பேக்கரிக்காரன் சொன்னான். மகள் முழங்கையை ஊன்றி நிமிரப் பார்த்தாள். நான் தோளைப் பிடித்துச் சரித்தேன்.

"இவன் அன்ட்ராக் எண்டு விண்ணப்பம் போட்டு ஹெலிகொப்டர் கேக்கிறான். அவன் போறன் எண்டு வெருட்டுறான். கள்ளர் இல்லாட்டில் பொலிசுக்கு என்ன வேலை? ரெண்டு கிழமையில எல்லாம் இழுத்து மூட வேண்டியதுதான்."

"உண்மையில எத்தினை பேர் பிடிபடினம்?" என்று கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும்? ஆளாளுக்கு ஒரு கதை."

"எண்ணேல்லையோ?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்கள் எண்ணுங்கோவன், அப்பா. எப்பிடியும் எதையாவது எண்ணத்தானே போறியள்."

ஒன்பது பின்னேரம் எண்ணினேன். நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கும் பழைய முறை. அறுபத்திரண்டு துரத்தல், ஐம்பத்துமூன்று பிடிபட்டன. தப்பிய ஒன்பதில் நாலு பேர் இணையத் தொடர்பு அறுந்து தப்பியவர்கள். கள்ளர் திறமையால் தப்பியது ஐந்தே ஐந்து. மகள் அதை வாசித்துக் காட்டினாள். மாணவன், யார் எண்ணியது, எங்கிருந்து பார்த்து எண்ணினார், தெரு மட்டத்தில் பார்த்தாரா என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. களத்தில் நிற்காதவனின் கணக்கை நானும் நம்பமாட்டேன். அதனால் மருமகனின் பழைய கணினியை மகளின் அறையில் வைத்து, எனக்கும் ஒரு வேடம் கொடுத்தார்கள். மகள் கார் தருவதாகச் சொன்னாள். என்னிடம் ஓட்டுநர் பத்திரம் இல்லை என்றேன். "அப்பா, இது விளையாட்டு" என்றாள். விளையாட்டிலும் இல்லைத்தானே என்றேன். கடைசியில் அறுபத்தெட்டு வயதுப் பென்ஷன்காரர், ஒரு சைக்கிள், தலையில் தொப்பி. நான் என்னவோ அதுவாகவே நுழைந்தேன்.

மூன்றாம் நாள் என்னைப் பிடித்தார்கள்.

சந்தியில் ஒரு பொலிஸ் கார் நின்றது. நான் சைக்கிளை விட்டு இறங்கி, அதைத் தாண்டி நடந்தேன். அப்படிச் செய்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. பின்னால் குரல் கேட்டது. மாணவன்.

"நில். பொலிசைக் கண்டதும் ஏன் இறங்கினாய்? என்ன மறைக்கிறாய்?"

அந்த விளையாட்டில் கை காலால் செய்யமுடியாததை எழுதிக் காட்டலாம். நான் எழுதினேன்: தொப்பியைக் கழற்றுகிறார். இரண்டு கையாலும் அடையாள அட்டையை நீட்டுகிறார். அட்டையின் இலக்கத்தைக் கேட்டான். அதையும் எழுதினேன்.

"அப்பா! அது உங்கட உண்மையான நம்பரெல்லோ!" மகள் கட்டிலிலிருந்து கத்தினாள். "அழியுங்கோ, அழியுங்கோ!"

"பொலிஸ் கேட்டால் குடுக்கத்தானே வேணும்?"

"அது ஒரு பெடியன். ஆஹென்ல இருந்து நூடில்ஸ் சாப்பிட்டுக்கொண்டு கேக்கிறான்!"

அவள் எட்டிக் கையை நீட்டி அழித்தாள். சைக்கிளில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் 'சந்தேகத்துக்கிடமான நடத்தை' என்று பத்து நிமிடம் அடைத்தார்கள். நான் மறுப்புச் சொல்லவில்லை. மகள், பொலிஸ் தலைமை, ஒரு சொல்லில் என்னை வெளியே எடுத்திருக்கலாம். வேண்டாம் என்று கைகாட்டினேன். உள்ளே ஒன்பது கம்பிகள் இருந்தன.

"ஏன் அப்பா இறங்கினீங்கள்?" கொஞ்ச நேரத்துக்குப் பிறகு கேட்டாள்.

"சென்றியில இறங்கி உருட்டிக்கொண்டுதானே போறது."

ஊரைவிட்டு வரும்போது அவளுக்கு ஆறு வயது. என் சைக்கிளின் முன்பாரில், சின்ன இருக்கையில் இருந்துதான் அந்த இராணுவக் காவலரண்களைத் தாண்டியிருக்கிறாள். நான் இறங்குவேன், அவள் இருக்கையிலேயே இருப்பாள், உருட்டிக்கொண்டு தாண்டுவேன், பிறகு ஏறுவேன். அது அவளுக்கு நினைவிருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அவள் கையை நீட்டி என் கைச்சட்டையின் முழங்கைப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் முடிந்து என்னை விட்டார்கள்.

அடுத்த நாள் எல்லோரையும் கூட்டினாள். புதிய விதி இரண்டு. ஒன்று, ஒருவரை மறிக்குமுன் பொலிஸ் தான் கண்ணால் கண்ட காரணத்தை எழுதவேண்டும். மற்றது, துரத்தலில் ஒரு கள்ளனுக்கு இரண்டு பொலிஸ் கார்தான்.

மாணவன் வாதாடினான். "பொலிசைக் கண்டு இறங்கி நடக்கிறவரை யாரும் சந்தேகப்படுவார்கள். நான் செய்தது உண்மையில் நடப்பதுதான்."

"தெரியும்," என்றாள் மகள். "அது உண்மையில் நடந்ததுதான். இங்கேயும் அதுவே நடக்கவேண்டும் என்றால் நான் ஏன் இவ்வளவு பாடுபட்டு ஒரு ஊரைக் கட்டுகிறேன்?"

 மாணவன் தாழ்ந்த குரலில் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். நான் மரியாதையாக, நீங்கள் உங்கள் கடமையைச் செய்தீர்கள் என்றேன். அங்கே எல்லோரும் ஒருவரையொருவர் நீ என்பார்கள். நான் ஒருவன்தான் நீங்கள் என்பேன். பேக்கரிக்காரன் சிரித்தான்.

"சைக்கிள் தாத்தா, உன் கணக்கில் எங்களுக்கு எத்தனை தருகிறாய்? பாதிக்குப் பாதியா?"

"உங்களுக்கு எத்தனை பேர் தப்பவேண்டும்?" என்று நான் திருப்பிக் கேட்டேன். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினேன்.

அவன் யோசித்தான். "எனக்குத் தப்பவேண்டும் என்றில்லை. ஓடும்போது தப்பலாம் என்று தோன்றினால் போதும்."

நான் மருத்துவரிடம் பிள்ளை தங்க எத்தனை வீதம் வாய்ப்பு என்று மூன்று முறை கேட்டிருந்தேன். மூன்று முறையும் அவர் பதில் சொல்லவில்லை. பேக்கரிக்காரன் சொன்னதற்குப் பிறகு நான்காம் முறை கேட்கவில்லை.

முப்பத்தாறாம் நாள், இருபத்தொன்பதாம் வாரத்தைத் தாண்டிய நிலையில், மகளுக்கு வயிறு இறுகத் தொடங்கியது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை. நான் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்; அவள், "எண்ணாதேங்கோ அப்பா, ஆம்புலன்சுக்கு அடியுங்கோ" என்றாள். வைத்தியசாலையில் ஊசி போட்டு இறுக்கத்தை நிறுத்தினார்கள். சில நாள் அங்கேயே வைத்திருந்து பார்க்கவேண்டும் என்றார்கள். அசையக்கூடாது, பதறக்கூடாது.

அங்கே இணையம் இல்லை. அவள் என்னைப் பார்த்தாள்.

"நகரத்தை நீங்கள் பாத்துக்கொள்ளுங்கோ. ஒவ்வொரு நாளும் எனக்குக் கணக்குத் தாள் கொண்டுவாங்கோ. அதை வாசிச்சுக்கொண்டு கிடப்பன்."

பின்னேரம் நகரம், மாலையில் வைத்தியசாலை. முதல் இரண்டு நாளும் நல்ல தாள்கள். அவள் விரலால் கோடுகளைத் தொட்டுத் தொட்டு வாசித்து, தனக்குத்தானே சிரித்துவிட்டுக் கண்ணை மூடுவாள். பக்கத்தில் பிள்ளையின் இதயத் துடிப்பை இயந்திரம் நாடாவில் வரைந்துகொண்டிருக்கும்.

மூன்றாம் நாள் தலைமை இல்லை என்ற தைரியத்தில் பொலிசார் விதியை மறந்தார்கள். ஒரு கள்ளனுக்கு ஐந்து கார். பதினொரு துரத்தல், பதினொன்றும் பிடிபட்டன. பேக்கரிக்காரன் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வெளியேறினான். பதின்மூன்று பேரும் பின்னால் போனார்கள். நகரத்தில் பொலிஸ் கார்கள் சும்மா சுற்றின.

பஸ்ஸில் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு போனேன். நாலாவது தரிப்பில் அதைக் கிழித்தேன். ஏழாவது தரிப்பில் புதிய தாள் எடுத்து எழுதினேன்: துரத்தல் பதினொன்று, பிடிபட்டது ஆறு. கச்சேரியிலும் களஞ்சியத்திலும் என் பேனா ஒருநாளும் அப்படி எழுதியதில்லை. மகள் வாங்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லது அப்பா" என்று மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தாள்.

அடுத்த நாள் நான் பேக்கரிக்காரனைத் தேடிக் கூப்பிட்டேன். அவன் எடுத்த எடுப்பில், "வேண்டாம் தாத்தா. நான் இனி வரமாட்டேன்" என்றான்.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. ஜேர்மன் மொழியில் அறவே தெரியாது. "என் மகள் வைத்தியசாலையில் இருக்கிறாள். பிள்ளை இன்னும் நாலரைக் கிழமை உள்ளே இருக்கவேண்டும். வீட்டுக்கு விட்டால் அவள் படுக்கையில் கிடப்பது உங்கள் நகரத்துக்காகத்தான். நேற்று நான் ஆறு என்று எழுதினேன். அது பொய். தயவுசெய்து வாருங்கள்" என்றேன்.

அவன் பக்கத்தில் ஏதோ பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது.

"எங்கள் தலைமைக்குப் பிள்ளை வரப்போகிறதா? யாரும் சொல்லவில்லையே."

"முந்தியது தங்கவில்லை. அதனால் சொல்லவில்லை."

அதே அழைப்பில் மாணவனையும் இணைத்துச் சொன்னேன். அவன், இன்று எல்லாக் கள்ளரையும் தப்ப விடுகிறோம் என்றான். பேக்கரிக்காரன் இடையில் புகுந்தான். "மடையா, அதைச் செய்யாதே. அவள் தாளைப் பார்த்த உடனே கண்டுபிடிப்பாள். இரண்டு கார் போடு. பிறகு முடிந்தால் என்னைப் பிடி."

அன்று பன்னிரண்டு துரத்தல். எட்டுப் பிடிபட்டன, நாலு தப்பின. பேக்கரிக்காரனை மாணவன் பாலத்தில் வைத்துப் பிடித்தான். இரண்டு பேரும் மூச்சுவாங்கச் சிரித்தார்கள். நான் கோடு கோடாகக் குறித்து, வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மகளிடம் நேற்றைய தாள் பொய் என்றேன்.

"தெரியும் அப்பா."

"என்னெண்டு?"

"நேற்றைய தாளில கோடு இல்லை. மொத்தம் மட்டும்தான் இருந்தது. நீங்கள் கோடு போடாமல் கூட்டினதை நான் கண்டதேயில்லை."

"தெரிஞ்சும் ஏன் பேசாமல் இருந்தனீ?"

"நீங்கள் பொய் எழுதுற அளவுக்குப் பயந்திட்டியள் எண்டு விளங்கிச்சு. நான் அசைஞ்சால் இன்னும் பயப்படுவியள். அதுதான் அப்பிடியே கிடந்தன்."

நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள், "மூக்கைச் சிந்துங்கோ, ஒருத்தரும் பாக்கேல்லை" என்றாள்.

நாற்பத்தோராம் நாள் வீட்டுக்கு வந்தாள். எழுபதாம் நாளும் கட்டிலில் இருந்தாள். பிள்ளை முப்பத்தேழாம் வாரத்தின் நாலாம் நாள் பிறந்தது. பெண். இரண்டாயிரத்து அறுநூற்றுப் பத்துக் கிராம். எங்கள் நகரத்து ஊன்ட்றொப் கோயில் அம்மனுக்கு மனைவி லண்டனிலிருந்து நேர்ந்த அர்ச்சனைகள் பத்து வெள்ளிக்கிழமைக்குப் பத்து. எல்லாவற்றையும் நான் செய்து முடித்திருந்தேன்.

பிள்ளை வீட்டுக்கு வந்த இரண்டாம் ஞாயிறு, பத்து மணிக்கு மணி அடித்தது. நான் படிக்கட்டில் எட்டிப் பார்த்தேன். கீழே ஒரு நீளப் பலகை வந்துகொண்டிருந்தது. பலகை மேலே வெள்ளைத் துணி. மேல் நுனியை ஒரு பெரிய மனிதன் தூக்கியிருந்தான். கீழ் நுனியைக் கண்ணாடி போட்ட ஒல்லிப் பெடியன். படிக்கட்டு வளைவில் பலகை திரும்பவில்லை.

"தூக்கு! இன்னும் தூக்கு, சட்டப் புத்தகமே! காரைத் துரத்தத் தெரியும், பாண் திருப்பத் தெரியாது!"

"நீ சரியாக வழி சொல்லு!"

அந்தப் பக்கத்து ஊர்களில் பிள்ளை பிறந்த வீட்டுக்கு முந்திரிகைவற்றல் போட்ட நீளமான இனிப்புப் பாண் கொண்டுபோவது வழக்கமாம். பேக்கரிக்காரன் அதைத் தன் கையால் சுட்டிருந்தான். மாணவன் ஆஹெனிலிருந்து ரயிலில் வந்து, அவனோடு வண்டியில் ஏறியிருந்தான். அதற்கு முன் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. பாணை அளந்தேன். ஒரு மீற்றர் பன்னிரண்டு சென்ரிமீற்றர்.

"கை கழுவினீங்களா?" என்று இருவரையும் கேட்டேன்.

பேக்கரிக்காரன் முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவினான். மகள் கதிரையில் நேராக இருந்தபடி பிள்ளையை முதலில் அவனிடம்தான் கொடுத்தாள். அந்தப் பெரிய கையில் பிள்ளை அசையாமல் தூங்கியது. அவன் நாலு நிமிடம் அப்படியே நின்றான். பிறகு மிக மெதுவாக மாணவனின் கைக்கு மாற்றினான். இரண்டாம் நிமிடம் பிள்ளை வீரிட்டது. மகள் எழும்பி நடந்து வந்து வாங்கிக்கொண்டாள்.

"இது நியாயமில்லை," என்றான் மாணவன், சிவந்த முகத்தோடு. "அவனுக்கு நாலு நிமிடம் கிடைத்தது."

"உண்மைதான்," என்றேன் நான். "உங்களுக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது. பால் குடித்து முடியட்டும். அதுவரை பாண் சாப்பிடுங்கள்."